ஆச்சி கொடுத்த பிறந்தநாள்

மே மாதம் வந்ததும் ஆச்சி டைரி எழுதுவதை நிறுத்திவிட்டிருந்தாள். ஏப்ரல் முடியும்வரை ஒருநாள் தவறாமல் எழுதியவள், கோழி அடையில் உட்கார்ந்ததையும் கிணற்றில் வாளி விழுந்ததையும் வாளியை எடுக்க இறங்கியவனுக்கு மோர் கொடுத்ததையும்கூட விடாதவள், சொந்த மகன், பியூலாவின் அப்பா, பிறந்த மாதத்தில் மட்டும் பேனாவை மூடி வைத்துவிட்டாள். பியூலா மறுபடியும் பக்கத்தைத் திருப்பினாள், வெறுமை. இன்னொன்று, அதுவும் வெறுமை. ஒரு பூச்சி மட்டும் ஓரத்தில் ஓட்டை போட்டிருந்தது. அந்தப் பூச்சியாவது ஏதோ வேலை பார்த்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அப்பாவின் கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, மடியில் தலையணையும் தலையணைமேல் டைரியுமாக, ஜன்னல் வெளிச்சத்தில் தாளைத் தூக்கிப் பார்த்தாள், பென்சிலில் ஏதாவது கிறுக்கி அழித்திருக்கிறாளா என்று. இல்லை. ஆச்சி அழிக்கிற ஆளும் இல்லை. காலையிலேயே கல்வெட்டுக்கார சுடலைமுத்து போன் போட்டுவிட்டான். யக்கா, கல்லு தயார், அண்ணாச்சி பேரு வெட்டியாச்சு, இறந்த தேதி வெட்டியாச்சு, பிறந்த தேதிக்கு மட்டும் எடம் விட்டு வச்சிருக்கேன், மத்தியானத்துக்குள்ள சொல்லிட்டீங்கன்னா இன்னைக்கே முடிச்சு திங்கக்கெழம கல்லறையில நட்டுரலாம், இல்லன்னா நான் திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை கெளம்பிருவேன், பொறவு பொங்கல் கழிச்சுத்தான். சரி, சொல்லுதேன், என்றாள். சொல்லத்தான் வேண்டும். ஐந்து மாதமாகிறது அப்பா போய். மண் இறங்கட்டும், ஒரு மழை பெய்யட்டும், பிறகு கல் வைக்கலாம் என்று எல்லாரும் சொன்னார்கள், மழையும் பெய்து மண்ணும் இறங்கிவிட்டது. தேதி மட்டும் இறங்கவில்லை.

ஒரு மனிதனுக்கு ஒரு பிறந்தநாள் இருப்பதுதான் வழக்கம். அப்பாவுக்கு அது தாராளமாக இருந்தது. பள்ளிக்கூடச் சர்ட்டிபிகேட்டில் ஜூன் ஒன்று. பென்ஷன் புத்தகம், ஆதார், பாஸ்போர்ட் எல்லாம் அதையே பிடித்துக்கொண்டு தொங்கின. ஆனால் அது பொய் என்று வீட்டில் குழந்தைக்கும் தெரியும். உண்மையாகப் பிறந்தது அதற்கு அடுத்த வருஷம், ஏதோ ஒரு மே மாதத்து நாள், நுங்குக் காலம், பள்ளிக்கூடம் லீவு விட்ட பிறகு. எங்கம்மா டீச்சர்லா, பள்ளிக்கூடத்துக்கு இடைஞ்சல் இல்லாம லீவு பாத்துப் பெத்துக்கிட்டா என்று அப்பா சொல்லிச் சிரிப்பார். அந்த உண்மையான நாள் மே எட்டு என்று சில வருஷம் சொல்வார், மே பதினேழு என்று சில வருஷம் சொல்வார், பிரியாணி எந்த வாரத்தில் தோதுப்படுகிறதோ அந்த வாரம். அம்மா உயிரோடு இருந்தபோது, ஒங்களுக்கு வயசு ஏறுதா பிரியாணி ஏறுதா என்று கேட்பாள். மஸ்கட்டில் இருக்கும் தம்பி ராபினுக்கு இந்தக் குழப்பமே கிடையாது. அக்கா, டெத் சர்ட்டிபிகேட்ல என்ன இருக்கோ அதப் போட்டு முடி. அவனுக்கு எல்லாமே சர்ட்டிபிகேட். அவளோ ஒரே பிடியாக நின்றாள். ஆயுசு முழுக்க ஒரு வயது கூடச் சுமந்த மனுஷன், கல்லிலாவது தன் வயதோடு இருக்கட்டும், கல்லில் பொய் வெட்டக் கூடாது. பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்றான் ராபின். ஆமாம், மூன்றே கால்தான். அதனால்தான் லீவு போட்டுக் கோயம்புத்தூரிலிருந்து வந்து, அத்தையின் பெட்டியிலிருந்த ஆச்சியின் டைரிகளை வாங்கி, பிறந்த வருஷத்து டைரியைத் தேடிப் பிடித்து, இதோ மூன்று நாளாகக் கோழிக் கணக்கு படித்துக்கொண்டிருக்கிறாள்.

அடுக்களையிலிருந்து மீன் குழம்பு கொதிக்கிற மணம் வந்தது, கூடவே அத்தையின் குரல். "ஏட்டி பியூலா, கெடச்சுதா?"

"இன்னும் இல்ல அத்தை."

"கெடைக்காது. எங்கம்மாவுக்குத் தன் பிள்ளைய விட ஊரான் பிள்ளை மேலதான் அக்கறை."

ரோஸ்லின் அத்தை அப்பாவின் ஒரே தங்கை. வட மாவட்டத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றுப் பாளையங்கோட்டைக்கே வந்து சேர்ந்தவள், அண்ணன் வீட்டுக்கு அடுத்த தெருவில்தான் வாசம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், பாத்த மாப்பிள்ளைக்கெல்லாம் பிரஷர் இருந்துச்சு என்பாள். அத்தை சொன்னதில் பாதி உண்மை என்பது டைரியைப் புரட்டினாலே தெரிந்தது. ஞானப்பூ டீச்சர், ஒரு மிஷன் ஆரம்பப் பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியை, கணவர் கொழும்பில் கடை வேலை, இங்கே அவள் தனி ஆள். தினமும் நான்கு வரி. கரும்பலகையில் எழுதுவதுபோலவே டைரியிலும் நிமிர்ந்த எழுத்து. மழை. இன்ஸ்பெக்டர் வந்தார், மோர் குடித்தார், குறை ஒன்றும் சொல்லவில்லை, மோர் நன்றாக இருந்திருக்கும். ஞாயிறு, குருவானவர் பிரசங்கம், நீளம், எகிப்தைவிட்டுப் புறப்படவே ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. அங்கே பியூலா சத்தமாகச் சிரித்துவிட்டாள், பிறகு சட்டென்று நிறுத்தினாள், ஏனென்றால் அந்தச் சிரிப்பு அப்பாவின் சிரிப்பு, தொண்டையில் ஒருமுறை இடறிவிட்டுத் தொடங்குகிற சிரிப்பு. அப்பா ஆச்சியிடமிருந்து பெற்றிருப்பார், அவள் அப்பாவிடமிருந்து. அப்படியென்றால் அப்பாவின் சிரிப்பு இந்த அறையில் இருக்கிறது, அவள் தொண்டையில் இருக்கிறது, வேண்டும்போது சிரித்துக் கேட்டுக்கொள்ளலாமா, முடியாது, வேண்டுமென்று சிரித்தால் அது வராது. முயன்று பார்த்தாள். இருமல்தான் வந்தது. அடுக்களையிலிருந்து அத்தை, "தண்ணி குடி" என்றாள்.

அதுவல்ல அவள் தேடுவது. தேடியது தேதி, கிடைப்பதெல்லாம் மற்றது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை, ஆனால் நல்ல பூதம். ஜூன் மாதத்துக்குப் போனால், எந்த வருஷத்து டைரியானாலும், பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரத்தில் ஒரு வரி வந்துவிடுகிறது. இன்று பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் கொடுத்தேன். முதலில் அவளுக்கு விளங்கவில்லை, அத்தைதான் விளக்கினாள். அந்தக் காலத்தில் எவன் தேதி எழுதி வைத்தான், பெற்றவளைக் கேட்டால் பெரிய புயல் அடிச்ச வருஷம் டீச்சர் என்பாள், எங்க வீட்டு எருமை செத்த மறு மாசம் என்பாள். தேதி வேண்டியது பதிவேட்டுக்கு. டீச்சர்தான் ஒரு தேதியைப் போட வேண்டும். மற்ற பள்ளிக்கூடங்களில் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே தேதியை வரிசையாகப் போட்டுக்கொண்டே போவார்களாம். ஆச்சிக்கு மனசு வரவில்லை. உட்கார்ந்து ஒவ்வொன்றின் முகத்தையும் பார்த்துப் பார்த்துக் கொடுத்திருக்கிறாள். துறுதுறுவென்று இருக்கிறாள், இவளுக்கு மாம்பழக் காலம். இவன் எதற்கெடுத்தாலும் அழுகிறான், மழை மாதம். முத்தையா என்றொருவன் எனக்குக் கிறிஸ்துமஸ்தான் வேண்டும் என்று நின்றான், அது ஏற்கெனவே ஒருவருக்குக் கொடுத்தாகிவிட்டது என்றேன், அப்படியானால் அதற்கு மறுநாளைக் கொடுங்கள் என்றான், கொடுத்தேன். இந்த முத்தையா இப்போது எங்கே இருப்பார், எண்பது தாண்டியிருக்கும், இருந்தால் டிசம்பர் இருபத்தாறில் பேரப்பிள்ளைகள் கேக் வெட்டுவார்களா, தாத்தாவுக்கு அது கேட்டு வாங்கிய நாள் என்று யாருக்காவது தெரிந்திருக்குமா. ஒரு ஊர் முழுக்க ஆச்சி கொடுத்த நாட்களில் வயது ஏறி, வேலைக்குப் போய், ஓய்வு பெற்று, கல்லிலும் அதே நாளை வெட்டிக்கொண்டு படுத்திருக்கிறது. இவ்வளவு பேருக்குக் கொடுத்தவள் தன் மகன் உண்மையாகவே பிறந்த ஒரு நாளை எழுதி வைத்தால் என்ன குறைந்துவிடும். ஜூன் முதல் வாரத்தில்தான் மறுபடி பேனாவைத் திறந்திருக்கிறாள். உட்கார முடிகிறது. பையன் நன்றாகப் பால் குடிக்கிறான். தலை பெரிது. அவ்வளவே. அதற்குமேல் மறுபடி கோழி.

தலை பெரிது. இதைப் படித்ததும், பக்கத்தில் கிடந்த நான்கு வருஷம் தள்ளிய டைரியை எடுத்தாள், நேற்றே படித்தது, திரும்பப் படிக்க வேண்டும்போல் இருந்தது. ஒன்றாம் வகுப்பில் சேர்க்க ஐந்து வயது ஆகியிருக்க வேண்டும், வயதுக்கு அத்தாட்சி இல்லாததால் காது அத்தாட்சி. வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் வயது வந்துவிட்டது, தொடாவிட்டால் அடுத்த வருஷம் வா. ஆச்சி இதில் கறாரான ஆள். தொடவில்லை, திருப்பி அனுப்பினேன் என்று எத்தனையோ வரிகள். ஒரு தகப்பன் கருப்பட்டி கொண்டுவந்து கெஞ்சினார், காது கருப்பட்டிக்கு நகராது என்றேன் என்று ஒரு வரி. அந்த வருஷம் ஜூன் ஒன்றாம் தேதி எழுதியிருக்கிறாள். பிள்ளையை விட்டுப்போக வீட்டில் ஆள் இல்லை. பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனேன். எல்லாப் பிள்ளைகளோடும் வரிசையில் நின்றான். கை எட்டவில்லை. தலையைச் சாய்த்துத் தொட்டான். நான் பார்க்கவில்லை. இன்று என்ன தேதியோ அதையே அவனுக்குக் கொடுத்தேன், கர்த்தர் மன்னிக்கட்டும். பெரிய தலையும் குட்டைக் கையுமாக நாலு வயதுப் பையன், அம்மாவை டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று சொல்லிக் கூட்டிவந்திருப்பாள், வரிசையில் நின்று, நாக்கைத் துருத்திக்கொண்டு, ஏதாவது சிரமமான வேலை செய்தால் கடைசிவரை அப்பா நாக்கைத் துருத்திக்கொள்வார், மின்கம்பத்தில் ஏறினாலும் சரி, ஊசியில் நூல் கோத்தாலும் சரி. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த டீச்சரம்மா அந்த ஒரு நிமிஷம் எங்கே பார்த்துக்கொண்டு நின்றிருப்பாள், ஜன்னலையா, மரத்தையா, இன்ஸ்பெக்டர் வந்துவிடக் கூடாதே என்று வாசலையா. பியூலா தன் வலது கையைத் தலைக்குமேல் கொண்டுபோய் இடது காதைத் தொட்டுப் பார்த்தாள். எட்டியது. நாற்பத்தைந்து வயது, எட்டாமல் என்ன. ஆனாலும் எட்டியதில் ஒரு சந்தோஷம்.

அந்த நேரம் பார்த்துக் காற்றாடி நின்றது. மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தம், பேப்பரில் போட்டிருந்தான், அவள்தான் மறந்துவிட்டாள். அப்பா இருந்தால் முந்தின நாளே தெரு முழுக்கச் சொல்லிவிடுவார், மாவு ஆட்டுறவங்க ஆட்டிக்கோங்க, மோட்டார் போடுறவங்க போட்டுக்கோங்க. மின்வாரியத்தில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்று இருபது வருஷத்துக்கு மேல் ஆன பிறகும் இந்தத் தெருவுக்கு மின்சாரம் என்றால் அப்பாதான், மேலே ஒரு மின்வாரியம் இருப்பது பல பேருக்குத் தெரியாது. நான் செத்தா கல்லுல வசனம் கிசனம் வேண்டாம், மின்தடைன்னு மட்டும் போடுங்க, சனங்க புரிஞ்சுக்கிடும் என்று சொன்னதை ராபின் குருவானவரிடம் சொல்லிவிட, அவர் சிரிப்பை அடக்க முடியாமல் மேஜையிலிருந்த புத்தகத்தைத் திறந்துகொண்டார். இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் வைக்கும் சத்தம், பக்கத்து வீட்டுச் சண்முகத்தாய், வழக்கமான உரத்த குரல், "ஃபோர்மேன் அண்ணாச்சி, எப்ப வரும்?"

கேட்டுவிட்டு அந்தப் பக்கம் அப்படியே அமைதியானது. சண்முகத்தாய்க்கும் தெரியும், கேட்ட மறு நொடியே தெரிந்திருக்கும், இருபது வருஷப் பழக்கம் நாக்கில் இருந்தது, ஐந்து மாதத்துச் சாவு இன்னும் நாக்குவரை வரவில்லை. பாவம் அந்தப் பொம்பளை சுவருக்கு அந்தப் பக்கம் நாக்கைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள், பியூலா பதில் சொல்லாவிட்டால் நாளையிலிருந்து முகத்தைப் பார்க்கவே கூசுவாள். அப்பா எப்போதும் ஒரே பதில்தான் சொல்வார், டிரான்ஸ்பார்மரே எரிந்து விழுந்தாலும் அதே பதில்.

"அரை மணி நேரத்துல வந்துரும் சித்தி" என்றாள் பியூலா சத்தமாக.

அந்தப் பக்கம் ஒரு மூச்சு. பிறகு, "அண்ணாச்சி மாதிரியே சொல்லுத தாயி. அப்பம் சாயந்தரம்தான் வரும்" என்றாள் சண்முகத்தாய். அடுக்களையில் அத்தை சிரிப்பது கேட்டது.

சிரிக்கலாம். சிரிக்க நிறைய வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார். அதில் குறையில்லை. ஆனால் சிரித்து முடிந்ததும் அது வந்துவிடுகிறது, அந்தப் பயம், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிற விருந்தாளிபோல உரிமையோடு. கல்லை நட்டாயிற்று என்றால் பிறகு என்ன. இந்த ஐந்து மாதமும் அப்பாவுக்காகச் செய்ய ஏதாவது இருந்துகொண்டே இருந்தது. பென்ஷன் ஆபீஸ், கேஸ் இணைப்பு, அவருடைய கண்ணாடியை யாருக்குக் கொடுப்பது, கல் எந்தக் கல், கறுப்பா வெள்ளையா, எழுத்து பொன்னிறமா வெறுமனேயா. ஒவ்வொரு சனிக்கிழமையும் அப்பா விஷயமாக யாரிடமாவது போனில் பேசினாள், அப்பாவுக்கு என்று ஒரு வாக்கியத்தை ஆரம்பிக்க முடிந்தது. அப்பாவுக்குக் கொஞ்சம் உயரமான கல்லாவே வைங்க. அப்பாவுக்குப் பூ டிசைன் பிடிக்காது. கடைசியில் மிச்சமிருப்பது இந்தத் தேதி ஒன்று. இதையும் சொல்லிவிட்டால் அப்பாவுக்கு என்று தொடங்குகிற வாக்கியம் உலகத்தில் ஒன்றுகூட மிச்சமில்லை. நேற்று அத்தை மீனை ஆய்ந்துகொண்டே, தலையை நிமிர்த்தாமலே சொன்னாள், நீ தேதியத் தேடல, சாக்கத் தேடுத. அப்போது கோபம் வந்தது. அத்தைக்கு என்ன தெரியும் என்று வந்தது. அத்தைக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும், அண்ணனைக் கடைசியில் குளிப்பாட்டியதே அவள்தான். டைரியில் கிடைக்காது என்று பியூலாவுக்கும் முதல் நாளே தெரிந்துவிட்டது, உண்மையைச் சொன்னால் தெரிந்ததில் ஒரு நிம்மதிகூட வந்தது, கிடைக்காதவரை தேடலாம் அல்லவா. சுடலைமுத்து பாதயாத்திரை போய் வரட்டும், பொங்கல் வரட்டும், போகட்டும், கல் அவன் பட்டறையில் சுவரோடு சாய்ந்து நிற்கட்டும், பெயருக்குக் கீழே அந்தக் காலி இடத்தோடு. அப்பா பட்டறையில் வெயிலில் சாய்ந்து நிற்பதாக நினைத்துப் பார்த்தாள், யாரோ தெரியாதவர்களின் கற்களுக்கு நடுவில், வயது தெரியாத ஆளாக. நன்றாயில்லை. அவருக்குக் காத்திருக்கவே பிடிக்காது.

காத்திருக்கப் பிடிக்காதா. யார் சொன்னது. பயிற்சி வகுப்பு வாசலில் டீக்கடை பெஞ்சில் மணிக்கணக்காகக் காத்திருந்தவர்தானே. அந்த வருஷம். அதை நினைத்ததும் மனம் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. எம்.எஸ்ஸி. முடித்து, வங்கிப் பரீட்சை இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் தோற்று, மூன்றாவது முறைக்குப் படித்துக்கொண்டிருந்த வருஷம். அம்மாவுக்கு ராதாபுரம் பக்கம் ஏதோ ஒரு கிராமத்துக்கு மாற்றல், வெள்ளிக்கிழமை இரவு வந்தால் ஞாயிறு சாயந்தரம் போய்விடுவாள். ராபின் சென்னையில் படித்தான், ஆச்சி தன் பழைய ஊரிலேயே இருந்தாள். அப்பாதான் அப்போது ஓய்வு பெற்றிருந்தார், புத்தம் புதிய ஓய்வு, என்ன செய்வது என்று தெரியாமல் வீட்டில் இருந்த எல்லா ஸ்விட்சுகளையும் கழற்றி மாட்டினார். அப்புறம் சமைக்க ஆரம்பித்தார். என்ன வைத்தாலும் அது சாம்பார், ரசம் வைத்தாலும் சாம்பார், ஒருநாள் பாயசம் வைத்தார், அதிலும் சாம்பாரின் சாயல் இருந்தது. காலையில் டி.வி.எஸ். ஃபிஃப்டியின் பின்னால் அவளை உட்காரவைத்து ஜங்ஷன் பக்கம் பயிற்சி வகுப்புக்குக் கொண்டுபோய் விடுவார், வழியெல்லாம் ஒவ்வொரு டிரான்ஸ்பார்மரையும் காட்டி இது எந்த வருஷம் வைத்தது, யார் ஏறி எரிந்து பிழைத்தான் என்று கதை. அவளுக்கு எரிச்சலாக வரும், மனசுக்குள் வட்டிக் கணக்கு போட்டுக்கொண்டிருப்பாள். மத்தியானம் வகுப்பு விட்டு வந்தால் பெஞ்சில் இருப்பார், டீக்கடைக்காரரோடு சொந்தம்போலப் பேசிக்கொண்டு. வீட்டுக்குப் போங்கப்பா, நான் பஸ்ஸுல வந்துக்கிடுதேன் என்றால், வீட்ல எனக்கு என்ன வேலை, ஸ்விட்சு எல்லாம் நல்லா இருக்கு என்பார். இரவில் அவள் சத்தமாகப் படிப்பாள், அவர் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பார், விடை தெரியாமல் அவள் திணறினால் புத்தகத்தைத் தன் பக்கமாகச் சாய்த்துக்கொண்டு வேறெங்கோ பார்ப்பார், அவள் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சாய்ப்பார். அந்த வருஷக் கடைசியில் தேறினாள். கோயம்புத்தூரில் போட்டார்கள். அங்கேயே கல்யாணம், பையன், வீடு. அதன் பிறகு அப்பாவோடு ஒரே வீட்டில் சேர்ந்தாற்போலப் பத்து நாள்கூட இருந்ததில்லை. யோசித்துப் பார்த்தால் அவளுக்கும் அப்பாவுக்குமாக மட்டும் என்று ஆயுசில் கிடைத்தது அந்த ஒரு வருஷம்தான்.

அந்த ஒரு வருஷம். பியூலா டைரியை மூடினாள். எந்த வருஷம் அது. மே மாதக் கடைசியில் ஓய்வு பெற்றார், ஜூன் ஒன்று வந்தால் ஐம்பத்தெட்டு என்பதால். ஆபீசில் மாலை போட்டார்கள், மைசூர்பாகு கொடுத்தார்கள், வீட்டுக்கு வந்து மாலையை அவள் கழுத்தில் போட்டுவிட்டு, எங்கம்மா என்னைய ஒரு வருஷம் முன்னாடியே வீட்டுக்கு அனுப்பிட்டா, நெசப்படி பாத்தா இன்னும் ஒரு வருஷம் கம்பத்துல ஏறியிருப்பேன் என்று நொந்துகொண்டார். நெசப்படி பார்த்தால். நெசப்படி பார்த்தால் அந்த வருஷம் அவர் காலை எட்டு மணிக்கு வண்டியில் போய் இரவு வருவார், மழை என்றால் வரவே மாட்டார். டீக்கடை பெஞ்சு கிடையாது. சாம்பார் பாயசம் கிடையாது. புத்தகத்தைச் சாய்த்துக்கொண்டு ஜன்னலைப் பார்க்கிற முகம் கிடையாது, வெறும் வீட்டில் அவள் மட்டும் வட்டிக் கணக்கோடு இருந்திருப்பாள். அவர் உண்மையான தேதியில் ஓய்வு பெறும்போது அவள் பெட்டியைக் கட்டிக் கோயம்புத்தூருக்கு ரயில் ஏறியிருப்பாள். ஒரு நாலு வயதுப் பையன் தலையைச் சாய்க்க, ஒரு அம்மா வேறெங்கோ பார்க்க, அதில் அந்த வருஷம் கிடைத்தது, ஐம்பது வருஷம் கழித்து, அவளுக்கு. ஆச்சிக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. பிள்ளையை விட்டுப்போக வீட்டில் ஆள் இல்லை, அவ்வளவுதான் அவளுக்கு. பியூலாவுக்கு அழுகை வந்தது, நன்றாகவே வந்தது, துக்கத்தில் வருகிற மாதிரி மட்டும் இல்லை, ஏதோ பெரிய பரிசு கையில் வந்து விழுந்த மாதிரியும் வந்தது. அழுதுகொண்டே தலையணைக்கடியில் போனைத் தேடினாள். மணி பன்னிரண்டாகிவிட்டது. சுடலைமுத்து கிளம்பிவிடப் போகிறான் என்று இப்போது, முதல் முறையாக, பயந்தாள்.

"சுடலைமுத்து, தேதி எழுதிக்கிடுங்க."

"சொல்லுங்கக்கா. என்ன, சளி பிடிச்சிருக்கா?"

"ஜூன் ஒண்ணு. சர்ட்டிபிகேட்ல உள்ள வருஷம்."

"அப்பம் தம்பி சொன்னதுதான்."

"தம்பி சொன்னதில்ல. எங்க ஆச்சி சொன்னது." ராபின் தான் ஜெயித்துவிட்டதாக நினைப்பான், நினைத்துக்கொள்ளட்டும், பாவம்.

சுடலைமுத்து எழுதியதைத் திருப்பி வாசித்தான், பெயர், ஃபோர்மேன், பிறந்த நாள், இறந்த நாள், ஒவ்வொன்றாக நிறுத்தி, பேங்கில் விண்ணப்பம் சரிபார்க்கிறவர்களைப்போல. பிறகு, "வெட்டிரட்டாக்கா?" என்றான்.

போனில் பட்டறைச் சத்தம் கேட்டது, யாரோ எங்கோ கல்லில் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் மறுபடி கேட்கவில்லை, பொறுத்திருந்தான்.

"வெட்டுங்க" என்றாள்.

திரும்பினால் அத்தை கதவோரத்தில் நிற்கிறாள், கையில் அகப்பை, முகத்தில் வியர்வை. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. "மூணு நாளா தேடி, கடைசியில பொய்த் தேதியையா போடச் சொன்ன?"

"அந்தப் பொய் இல்லன்னா அப்பா அந்த வருஷம் ஆபீஸ்ல இருந்துருப்பாங்க அத்தை. நான் படிச்சிட்டு இருந்தம்லா, அந்த வருஷம். எங்கூட இருந்துருக்க மாட்டாங்க." சொல்லும்போதே சின்னப் பிள்ளை சொல்வதுபோல இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. "ஆச்சி ஒரு வயசு கூட்டிப் போட்டதுலதான் எனக்கு அப்பா ஒரு வருஷம் கெடச்சாங்க."

அத்தை கேலியாக ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தாள். அத்தையோ உள்ளே வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அகப்பையிலிருந்து குழம்பு ஒரு சொட்டுத் தரையில் விழுந்தது, இருவருமே அதைப் பார்த்தார்கள், துடைக்கவில்லை. அத்தை எதையோ மனசுக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தாள், உதடு மெல்ல அசைந்தது.

"எனக்கும் அப்படித்தான் போட்டா" என்றாள் அத்தை. "என்னையும் ஒரு வயசு கூட்டித்தான் சேத்தா. வீட்ல விட ஆள் இல்லன்னு. அதனால நானும் ஒரு வருஷம் முன்னாடியே ரிட்டயர் ஆயிட்டேன். சண்டைகூடப் போட்டேன் அவகிட்ட, என் சர்வீஸ்ல ஒரு வருஷத்தத் தின்னுட்டியேன்னு. வந்து அவகூடத்தான இருந்தேன். கண்ணு தெரியாமப் போச்சு அவளுக்கு, நான்தான் பேப்பர் வாசிச்சுக் காட்டுவேன், தலை சீவிவிடுவேன், தூங்குனா பக்கத்துல கெடப்பேன். கடைசி வருஷம் அது. அந்த ஒரு வருஷம் முடியுமுன்னே, பெந்தெகொஸ்தே பண்டிகை ஞாயித்துக்கெழம போயிட்டா." நிறுத்தினாள். "இத்தன வருஷமா எனக்கு இது தோணவே இல்ல பாரு. நெசத் தேதியப் போட்டிருந்தான்னா, நான் ரிட்டயர் ஆகி வரும்போது அவ இருந்துருக்க மாட்டா, ஏட்டி."

பியூலா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். மீன் வாசனை அடிக்கிற, எத்தனையோ பேருக்கு நாடி பார்த்த கை.

கொஞ்ச நேரம் கழித்து அத்தை சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "எனக்குக் கல்லு வைக்கிறது நீதான். ராபினுக்கு ஒண்ணும் தெரியாது. நெசத் தேதி என் பைபிள்ல எழுதிக் கெடக்கும், கிறுக்கு மாதிரி அதப் போட்டுராத. எங்கம்மா குடுத்தத்தான் போடணும்."

"போடுதேன் அத்தை."

"எழுத்து பெருசா இருக்கட்டும். பூ டிசைனும் போடு, எனக்குப் பிடிக்கும்."

"சரி அத்தை."

"அதுக்கு இன்னும் நாள் கெடக்கு. இப்பம் வந்து சோறு தின்னு" என்று அத்தை அடுக்களைக்குப் போனாள்.